அடியார் வரலாறும் முத்துக்குளிப்போர் பொருளும்

தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றைக் கூறுவோர் அண்டிறிக் அடிகளாரின் பெயரைத் தவறாது குறிப்பிடுவர். போர்த்துக்கலில் 1520ஆம் ஆண்டளவிற் பிறந்த இவ்வியேசுசபைத் துறவி, தமிழ் அச்சின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். ஆயின், அவருடைய நூல்கள் அச்சேறுதற்குப் பொருள் ஈந்தோர் யாவர் என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவிற்கான விடை மன்னார்க் கடலின் இரு கரைகளோடும் தொடர்புடையது.

மன்னார் வளைகுடா இரு நாடுகளைப் பிரிக்கும் எல்லையாகவன்றி, முத்துக்குளிக்கும் மக்களின் ஒரே தொழிற்களமாக விளங்கிய காலம் அது. 1544இல் மன்னாரிற் புதுச்சமயம் தழுவியோர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560இற் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். அக்காலத்தில், மதுரை நாயக்கர் படையின் தாக்குதலுக்குள்ளான புன்னைக்காயற் பரதவர் பலர் கடல்கடந்து மன்னாரிற் குடியேறினர். அவர்களோடு அடிகளாரும் வந்து சிலகாலம் அங்குத் தங்கினார். பின்னர்ப் பலர் தம் கரைக்கு மீண்டனர்.

தமிழ் நூல்களை அச்சிடும் முயற்சி உருவானபோது, முத்துக்குளித்துறை மக்கள் 400 குருசாடோ என்னும் போர்த்துக்கேய நாணயங்களைத் திரட்டி அளித்தனர். 1578 ஒக்டோபர் 20இற் கொல்லத்தில் 16 பக்கங்கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. மறு ஆண்டு கொச்சியிற் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. 1586இல் ‘அடியார் வரலாறு’ தோன்றியது.

இறுதியிற் கூறிய நூலே ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. ஏறக்குறைய 670 பக்கங்கொண்ட இப்பெருநூல், திருநாள்களையொட்டி அமைந்த அடியார் சரிதைகளின் தொகுதியாகும். கதை கூறுதல் பெரும்பாலும் செய்யுளுக்கே உரியதாயிருந்த காலத்தில், இந்நூல் உரைநடையிற் கதை கூறிற்று. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டற்கேற்றவை இச்சரிதைகள். கடற்கரைப் பேச்சு வழக்கும் போர்த்துக்கேயச் சொற்களும் இதில் விரவியுள்ளன. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, எகர ஏகாரங்களுக்கு வேறுபாடில்லை. எனவே, அம்மொழியைச் செவியால் நன்கறிந்தோரே இதனைத் தடையின்றி வாசித்திருத்தல் கூடும்.

இப்பொருளுதவி சமயகுருமாரின் ஏவலாலும் போர்த்துக்கேயர் அதிகாரத்தின் நிழலிலும் நிகழ்ந்தது எனச் சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மையுண்டு. எனினும், ஆழ்கடலில் மூச்சடக்கி ஈட்டிய பொருளின் ஒரு பகுதி தம் மொழியில் எழுந்த நூல்களுக்குச் சென்றது என்பதும் உண்மையே. 1887இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தே அச்செலவை ஈடுசெய்தார். உதவியோர் பலரின் பெயர்களை அவரே தம் வரலாற்றில் எழுதிவைத்தார். முத்துக்குளித்தோர்க்கோ அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஒரு சமூகத்தின் பெயராகவே அவர்கள் நினைக்கப்படுகின்றனர்.

வத்திக்கான் நூலகத்திலிருந்த ‘அடியார் வரலாறு’ப் பிரதியை 1950களில் தனிநாயகம் அடிகளார் அறிஞருலகிற்கு அறிமுகஞ்செய்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் அதனை மீளப் பதிப்பித்தார். இவ்வாறு நூல் மீண்டது. ஆசிரியர் புகழும் நிலைபெற்றது. தமிழ் அச்சின் தந்தையைப் போற்றுவோர், அவ்வச்சிற்குப் பொருளீந்த கடலோர மக்களையும் உடன்வைத்துப் போற்றும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.