பழைய கமராவின் வயரைத் தொடுமுன்

"புதுப் பற்றரி போட்டோம், முள் அசையவில்லை. கழற்றிப் பார்க்கலாமா?" பழைய பிலிம் கமரா வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: உள்ளே றோல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைத்த பையிலேயே பல வீட்டுக் கமராக்களும் போயின. எங்கள் மாமாவின் கமரா அப்படித்தான் மிஞ்சியது; அல்பங்கள் மிஞ்சவில்லை. அல்பம் தொலைந்த வீட்டில், கழுவாமல் விட்ட ஒரு றோலில் இருப்பதே ஒருவருடைய ஒரே படமாக இருக்கக்கூடும். அறுந்த வயரை எப்போதும் ஒட்டலாம். வெளிச்சம் பட்ட றோலை மீட்க வழியில்லை.

மாமாவினது பென்ராக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டது. ஊடகக் கற்கை படித்த காலத்தில் நான் படமெடுக்கப் பழகியதும் இதே மாதிரியில்தான், ஆகவே அதையே உதாரணமாக எடுக்கிறேன். இதன் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பற்சக்கரத்திலும் இயங்குவது. ஒரு செக்கனிலிருந்து ஆயிரத்தில் ஒரு செக்கன் வரை எல்லா வேகமும் பற்றரி இல்லாமலே வேலை செய்யும். பற்றரி தேவைப்படுவது வெளிச்சத்தை அளந்து முள்ளை அசைக்கும் மீற்றருக்கு மட்டும். 1990களில் பற்றரிக்குத் தடை இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலத்திலும் இப்படியான கமரா படம் எடுக்கும். ஆகவே முள் அசையாததால் கமரா பழுது என்று ஒதுக்க வேண்டாம்.

இந்தக் கமராவில் ஓர் ஆபத்து உண்டு. இடப்பக்கம் மேலே உள்ள றோல் சுற்றும் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறந்துவிடும். பிள்ளைகள் முதலில் இழுப்பதும் அதைத்தான். இழுக்காமல், குமிழில் மடிந்திருக்கும் கைபிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். கொஞ்சம் தளர்வாகச் சுற்றிய பிறகு இறுகினால் உள்ளே றோல் இருக்கிறது. படம் எண்ணும் இலக்கத்தை நம்ப வேண்டாம். றோல் இல்லாமல் லீவரை இழுத்தாலும் அது கூடும். குமிழ் இறுகாமல் சுற்றினாலும் நிச்சயம் இல்லை. எடுத்து முடித்து முழுதாகச் சுற்றிய றோல் வெளியே எடுக்கப்படாமல் அப்படியே இருக்கலாம். அதனால் முதல்முறை திறப்பதை இரவில், விளக்கை அணைத்து, தடித்த போர்வைக்குள் வைத்து, விரலால் தடவிப் பார்த்தே செய்யுங்கள்.

றோல் இருந்தால், கமராவின் அடியில் உள்ள சிறிய பொத்தானை அமத்திவிட்டு கைபிடியை மிக மெதுவாகச் சுற்றுங்கள். பழைய பிலிம் காய்ந்து நொறுங்கும் தன்மையாகியிருக்கும், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கலாம். இறுக்கம் கூடினால் நிறுத்தி, இருட்டறை வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கறுப்பு வெள்ளை றோல் பல பத்தாண்டுகள் கழிந்தும் படம் தருவதுண்டு. கலர் றோலில் நிறம் கெட்டிருக்கும், ஆனால் அதையே கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினால் உருவம் தெரிய வாய்ப்பிருக்கிறது. வெளிநாட்டு உறவினரிடம் கொடுத்து அனுப்புவதென்றால், விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்க விடாதீர்கள். கைப்பையில் வைத்து, எக்ஸ்றே இல்லாமல் கையால் சோதிக்கும்படி அவர் கேட்க வேண்டும்.

மாமாவின் கமராவில் ஒரு கலர் றோல் இருந்தது. கழுவியபோது ஒன்பது படங்களில் ஆட்களை அடையாளம் காண முடிந்தது. மாமா ஒன்றிலும் இல்லை, எடுத்தவர் அவர்தானே.

இனி வயர். கே1000 இன் அடியில் உள்ள வட்ட மூடியை ஒரு ரூபாய்க் குற்றியால் திருகிக் கழற்றினால் எல்ஆர்44 அளவுள்ள ஒற்றைப் பற்றரி இருக்கும். எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்பதைப் போனில் படமெடுத்து வையுங்கள். உள்ளே வெள்ளைப் பொடியோ பச்சைக் கறளோ இருந்தால் பற்றரி ஒழுகியிருக்கிறது. அது காரம். பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினாகிரி தொட்டுத் துடைத்தால் கரையும், தேசிக்காய்ச் சாறும் சரிதான். பிறகு வடித்த நீர், கடைசியாக ஐசோபுறொப்பைல் அற்ககோல். எதையும் ஊற்றக்கூடாது, மேலே இருக்கும் ஷட்டர் திரை இறப்பர் பூசிய துணி. முக்கால்வாசிக் கமராக்களுக்கு இதுவே போதும், புதுப் பற்றரியோடு முள் எழும்.

எழாவிட்டால் அடித்தட்டைக் கழற்ற வேண்டும். ஜப்பானியத் திருகாணிகளின் தலை வெட்டு சற்று வேறு, சாதாரண ஸ்குறூட்ரைவர் வழுக்கித் தலையைத் தேய்க்கும். சரியாகப் பொருந்தும் நுனியைத் தேடி எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் இருந்த இடத்தின்படியே ஒரு கடதாசியில் ரேப் போட்டு ஒட்டுங்கள்.

பற்றரி அறையின் தகட்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் மேலே போகும். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஒழுகிய காரம் உறைக்குள்ளால் ஊர்ந்து ஏறி, செம்பைக் கறுப்பாக்கியிருக்கும். சாவணத்தால் மெதுவாக இழுத்தால் சிலவேளை கையோடு வந்துவிடும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். திரும்பத் திரும்பச் சூடாக்கி, பற்றரி அறையின் பிளாஸ்ரிக்கையும் உருக்கிவிடுகிறார்கள். உறையைச் சிறிது சிறிதாக நீக்கி, பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டு போங்கள்.

ஒட்டுமுன் ஒரு சோதனை. பற்றரியின் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு வயர் எடுத்து, ஒன்றை அந்தப் புதுச் செம்பிலும் மற்றதைக் கமராவின் வெறும் உலோகத்திலும் பிடியுங்கள். பக்கம் மாறக்கூடாது. லென்ஸை யன்னல் பக்கம் திருப்பும்போது முள் அசைந்தால் மீற்றர் உயிரோடு இருக்கிறது, பழுது வயரில் மட்டும். அசையாவிட்டால் பிழை மேல்மூடிக்குள். அதற்குள் போக நான் சொல்லமாட்டேன், பழகியவரிடம் கொடுங்கள்.

வெட்டிய நீளத்துக்குப் பதிலாகப் பழைய யூஎஸ்பி கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய வயர் பொருந்தும். இயர்போன் வயர் வேண்டாம், அதன் இழைகளில் பூச்சு இருக்கும். 25 வாற்றுக்கு மேற்படாத சோல்டரிங் அயன், ரெசின் உள்ள மெல்லிய ஈயம் போதும். தகர வேலைக்குப் பாவிக்கும் அமிலப் பசை எதுவும் கிட்ட வரக்கூடாது. தகட்டை உரஞ்சி மினுக்கி, முதலில் தகட்டிலும் வயர் நுனியிலும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு செக்கன் மட்டும் சூடு வையுங்கள். இரு வயர் சேரும் இடத்துக்குச் சுருங்கும் உறை போட வேண்டும், இல்லாவிட்டால் உடலில் பட்டு மீற்றர் மறுபடியும் நின்றுவிடும்.

முள் அசைந்தாலும் சரியாக அளக்கிறது என்று இல்லை, மீற்றரின் ஒளியுணரி வயதோடு தளரும். நல்ல வெயிலில் 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு எஃப் 16, 125இல் ஒரு செக்கன் என்பது பழைய கணக்கு. முள் அதற்கு அருகில் நடுவில் நின்றால் போதும்.

எல்லாக் கமராவும் கே1000 அல்ல. கனன் ஏஈ-1 பற்றரி இல்லாமல் ஒரு படமும் எடுக்காது, அதில் வயர் வேலை நுணுக்கமானது. யாசிகா எலெக்ட்ரோ 35 பற்றரி இல்லாதபோது 500இல் ஒரு செக்கன் வேகத்தில் மட்டும் இயங்கும். அதற்குரிய பாதரசப் பற்றரி இப்போது இல்லை; 6 வோல்ற் பற்றரியை அடைப்பு வைத்துப் பாவிக்கிறார்கள். பழைய ஃபிளாஷை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். அதன் கொள்ளளவி நூற்றுக்கணக்கான வோல்ற்றைப் பிடித்து வைத்திருக்கும், பற்றரியைக் கழற்றிய பிறகும்.

கே1000 இல் மீற்றரை நிறுத்த ஆளி இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பற்றரி செலவாகாது. எஸ்ஆர்44 கிடைத்தால் அதையே வாங்குங்கள், வோல்ற்றளவு கடைசி வரை பெரிதாக இறங்காது. அலுமாரியில் வைக்கும்போது பற்றரியைக் கழற்றி, கமராவுக்கு வெளியே ஒரு சின்ன உறையில் போட்டு, உள்ளே றோல் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த உறையின் மேல் எழுதி வையுங்கள்.