மலையேறும் வடம்: ஒரு வரலாற்று நோக்கு

மலைமீது மனிதரையும் பண்டங்களையும் கொண்டுசெல்லும் கம்பிவடங்களின் வரலாற்றை ஆராயுமிடத்து, எவருடைய களைப்பு எக்காலத்திற் கணக்கில் எடுக்கப்பட்டது என்பதும் புலனாகும்.

பனிச்சறுக்குத் தலங்களை முதலில் நோக்குவோம். சறுக்கி இறங்கும் இன்பத்துக்காகவே அங்கு மக்கள் மலையேறுகின்றனர். அவ்வேற்றத்தின் களைப்பைப் போக்க எழுந்தவையே ஏற்றிகள். 1934 இல் சுவிற்சர்லாந்தின் டாவோஸில் எர்ன்ஸ்ட் கொன்ஸ்டம் அமைத்த இழுவை ஏற்றி, சறுக்குவோரைப் பனித்தரையில் நின்றவாறே மேலே இழுத்துச் சென்றது. 1936 இல் அமெரிக்காவின் சன் வலியில் நாற்காலி ஏற்றி தோன்றியது. அதனை வடிவமைத்த ஜேம்ஸ் கரன், கப்பலில் வாழைக்குலை ஏற்றும் பொறியை முன்மாதிரியாகக் கொண்டு, கொளுக்கி இருந்த இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். மென்சரிவுக்கு இழுவை, கரடுமுரடான சரிவுக்கு நாற்காலி, நெடுந்தூரத்துக்கும் கடுங்குளிருக்கும் மூடிய கூண்டு என்பது பொதுவான தெரிவு. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 1998 இல் இயங்கத் தொடங்கிய வடவழி கூண்டு வகையைச் சார்ந்தது.

தமிழகத்தில் இத்தெரிவைப் பழனியிற் காணலாம். படியேற இயலாத அடியார்க்கென 1966 இல் தண்டவாளத்தில் வடத்தால் இழுக்கப்படும் வின்ச் வந்தது; 2004 இல் அந்தரத்திற் செல்லும் ரோப்கார் வந்தது. பின்னது விரைவானது, எனினும் பலத்த காற்று வீசும்போது நிறுத்தப்படும். எனவே இரண்டும் வேண்டப்படுகின்றன.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் கம்பிவடங்கள் இருந்தன. கொழுந்துச் சாக்கைக் கொளுக்கியில் மாட்டிவிட்டால், அது தன் பாரத்தாலேயே கீழுள்ள தொழிற்சாலை நோக்கி வழுக்கிச் செல்லும். கொழுந்து நசுங்கினாலும் சூடேறினாலும் தேயிலையின் தரம் குன்றும். ஆதலின் அதன் பயணத்துக்குத் தோட்டத்துரைமார் செலவிட்டனர். அதனைப் பறித்த பெண்களோ கூடை சுமந்து கால்நடையாகவே சரிவுகளில் ஏறியிறங்கினர். கரன் கொளுக்கியை அகற்றி நாற்காலி வைத்தார். நம் மலைகளிற் கொளுக்கி கொளுக்கியாகவே நிலைத்தது. மனிதரைச் சுமக்கும் நுட்பம் உலகில் தோன்றிய பின்னரும் நிலைமை இதுவே.

மலையகத் தமிழர் பலர் 1977 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் வன்னிக்கு வந்து, கிளிநொச்சியின் சமநிலத்திற் குடியேறினர். அவர்தம் முன்னோர் வரலாறு இம்மாவட்டத்தின் வரலாறுமாகும். அதனை எழுதப் புகுவோர், ஏற்றுமதியான தேயிலையின் நிறையோடு, அக்கொழுந்துக்குக் கிடைத்த வடம் அதனைப் பறித்த கைகளுக்குக் கிடைக்காமையையும் பதிவுசெய்தல் வேண்டும்.