நைனா கொண்டுவந்த டிராயிங்

எங்க நைனா ஒரு நாள் ராத்திரி ஷிப்டு முடிஞ்சி வந்து, சட்டைக்குள்ளேயிருந்து நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். எண்பதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் அவர் கான்டிராக்ட் ஹெல்பர். காகிதம் முழுக்க ஊதாக் கோடுகள். அமோனியா வாடை மூக்கைத் துளைத்தது. இரும்புத் தகட்டில் துளை போடுகிற வேலை. சூப்பர்வைசர் வாயால் சொன்னதைக் கேட்டுப் போட்டிருக்கிறார். 12 தகடுகளில் துளை தப்பான பக்கம் விழுந்துவிட்டது. நாலு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். சொன்னவனுக்கு ஒண்ணுமில்லை, செய்தவனுக்குத்தான் அபராதம்.

"நீதான் டிராயிங்ல மொத மார்க்காச்சே. இதுல இன்னா போட்டுக்குதுன்னு பாத்து சொல்லு கண்ணு" என்றார்.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். செம்பருத்திப் பூ, தண்ணிக்குடம், குடத்துக்கு ஒரு பக்கம் நிழல், சதுரத்தை நாலாய்ப் பிரித்து ஒரே பூவை நாலு தடவை வரைந்தால் அது 'டிசைன்'. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த டிராயிங். காகிதத்தை நேராகவும் தலைகீழாகவும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இது வேற டிராயிங், நைனா" என்றேன். "டிராயிங்குன்னா டிராயிங்குதானடா, அதுல வேற இன்னா கீது?" என்று கேட்டுவிட்டு அதே மடிப்பில் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். விடியறதுக்குள்ளே எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

அந்தக் கேள்வியைத்தான் இத்தனை வருசமாய்ச் சுமந்துகொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்து டிராயிங்கும் பட்டறை டிராயிங்கும் எங்கே பிரிந்தன?

பட்டறை டிராயிங்குக்கு ஒழுங்கான கணித அடித்தளம் போட்டவர் காஸ்பார் மோன்ழ் என்கிற பிரெஞ்சுக்காரர். 1760களில் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் அவர் கண்டுபிடித்த முறை இது: ஒரு பொருளை மேலேயிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி என்று தட்டையான தாளில் வரைந்து, அதைக்கொண்டே முழுப் பொருளையும் அளவு பிசகாமல் செய்துவிடலாம். இதைப் பல வருசம் ராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள். புரட்சி வந்த பிறகு, 1795ல்தான் பாரீசில் மோன்ழ் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்த முடிந்தது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நாட்டில் பிறந்த நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒரு புரட்சி வந்து பூட்டை உடைத்தது, அதுதான் வித்தியாசம்.

பள்ளிக்கூடத்து டிராயிங் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1837ல் லண்டனில் அரசாங்கம் ஒரு வடிவமைப்புப் பள்ளியைத் திறந்தது. பிரெஞ்சுச் சரக்குகளின் அழகோடு இங்கிலாந்துத் துணியும் பீங்கானும் போட்டிபோட முடியவில்லை என்பது முதலாளிகளின் கவலை. 1850களில் ஹென்றி கோல், ரிச்சர்ட் ரெட்கிரேவ் என்கிற இருவரும் சேர்ந்து 23 படிகள் கொண்ட பாடத்திட்டம் ஒன்று போட்டார்கள். முதல் படி கோடு. பிறகு பார்த்து வரைதல், மறுபடியும் பார்த்து வரைதல். வடிவமைப்பு எங்கே வருகிறது தெரியுமா? கடைசிப் படிகளில். தொழிலாளி வீட்டுப் பிள்ளை நாலைந்து படி ஏறுவதற்குள் பட்டறைக்குப் போய்விடுவான். சொன்னதைச் சுத்தமாகச் செய்கிற கை அவனுக்கு வாய்த்துவிடும். எதைச் செய்வது என்று முடிவெடுக்கிற படிக்கு அவன் வரவே மாட்டான்.

இந்தச் சரக்கு மெட்ராசுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற ராணுவ டாக்டர் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். அடுத்த வருசம், 1851ல், தொழில் பள்ளி என்று தனியாக இன்னொன்று. கலை ஒரு வாசலில், தொழில் இன்னொரு வாசலில். 1855ல் அரசாங்கம் இரண்டையும் எடுத்து ஒரே பெயரில் நடத்தியது. அதுதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். எங்க காலனியிலிருந்து யாரும் அந்த வாசலுக்குள் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனாலும் அந்தப் பள்ளியிலிருந்து ஒன்று எங்க அடுப்படிவரைக்கும் வந்தது. 1898ல் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். பித்தளையும் வெண்கலமும் வாங்க வக்கில்லாத சனங்களுக்கு அலுமினியக் குண்டான் வந்தது. எங்க ஆயாவுடைய கஞ்சிக் குண்டானுக்கு ஒரு கலைப் பள்ளியோடு உறவு உண்டு என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

அந்த நேரத்தில் நம்ம சனங்கள் எங்கே இருந்தார்கள்? பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. 1891ல் அந்த ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர், பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலமில்லை, குடியிருக்கிற மனையும் சொந்தமில்லை, படிப்பில்லை. அதன் தொடர்ச்சியாகத்தான் பஞ்சமி நிலம். அயோத்திதாசப் பண்டிதர் காலத்தில், 1894ல், ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பக்கத்தில் கலைப் பள்ளி 40 வருசமாக நடந்துகொண்டிருக்க, நாம் அ, ஆ எழுத ஒரு திண்ணைக்கு அலைந்துகொண்டிருந்தோம்.

அப்புறம் வந்தது கைத்தொழில் கல்வி. 1937ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வி என்றார். நூல் நூற்றபடியே படி என்றார். 1953ல் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூணு மணி நேரமாக வெட்டினார். மீதி நேரம் பிள்ளை அப்பனிடம் தொழில் கத்துக்கட்டும். பெரியார் அதற்கு குலக்கல்வி என்று சரியான பேர் வைத்தார். மத்தவன் பிள்ளைக்கு அப்பன் தொழில் நெசவு, தச்சு என்று ஏதாவது இருக்கும். நம்ம பிள்ளைக்கு என்ன? செத்த மாட்டைத் தூக்குவதா, வெட்டியான் வேலையா, பண்ணையில் சாணி அள்ளுவதா? 1954ல் ராஜாஜி பதவி விலகி, காமராசர் வந்து அந்தத் திட்டத்தை எடுத்தார். நாடே மூச்சுவிட்டது. எடுத்தது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் அன்றைக்கு நாம் வீசி எறிந்ததில் இன்னொன்றும் சேர்ந்து போய்விட்டது என்று இப்போது நினைக்கிறேன். பள்ளியில் கைவேலை என்றாலே குலத்தொழில் வாடை அடிக்கிறது என்று ஒதுங்கினோம். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால் சந்தோசப்பட்டோம். கைத்தொழில் வேறு, வடிவமைப்பு வேறு. அப்பன் செய்ததை அப்படியே செய் என்பது கைத்தொழில் பாடம். இது ஏன் இப்படி இருக்கிறது, வேற மாதிரி இருந்தால் என்ன என்று கேட்பது வடிவமைப்புப் பாடம். முதலாவது குலத்துக்குள் கட்டிப்போடும். இரண்டாவதை எந்தக் குலமும் தாங்காது.

எங்க தாத்தா பறை செய்வார். மூணு துண்டு வேப்பமரத்தை வளைவாய்ச் செதுக்கி வட்டமாய்ச் சேர்த்து, சேருகிற இடத்தில் இரும்புப் பட்டை அடித்து, மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டுவார். மரம், இரும்பு, தோல், பசை, நெருப்பு, ஓசை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தேர் செய்கிறவனுக்கு அது சிற்ப சாஸ்திரம், எங்க தாத்தாவுக்கு அது ஊர் வேலை. நைனா காலத்தில் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்கள். அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூணு துண்டு ஏன் மூணு என்று கேட்க இப்போ ஆள் இல்லை.

1958ல் இந்திய அரசு கேட்டு, சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்கிற அமெரிக்கத் தம்பதி ஓர் அறிக்கை எழுதினார்கள். 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புப் பயிலகம் வந்ததற்கு அதுதான் வித்து. அந்த அறிக்கையில் நம்ம சொம்பைப் புகழ்ந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மெருகேறிய வடிவமாம். இருக்கட்டும், உண்மைதான். ஆனால் அந்தச் சொம்பிலிருந்து யார் கையில் தண்ணி படாமல் ஊத்தினார்கள் என்பதும் அதன் வடிவத்தோடு சேர்ந்ததுதானே? சின்ன வயசில் அம்பேத்கர் உட்காரச் சாக்கு கொண்டுபோனார். பியூன் வந்து மேலேயிருந்து ஊத்தினால்தான் அவருக்குத் தண்ணி. எங்க பக்கம் ஒரு டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் உள்ளே, நமக்கு வெளியே ஆணியில் மாட்டிய தகர டம்ளர். பார்த்ததும் எது யாருக்கு என்று தெரியணும், ஒன்றோடு ஒன்று கலந்துவிடக் கூடாது, கழுவுகிற வேலை கடைக்காரனுக்கு இருக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு டிசைன்தான். ஊருக்குத் தெற்கே சேரி, காற்று வாகு பார்த்து வைத்தது, அதுவும்தான்.

2009 கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து எட்டாவதுவரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளியில் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்றது. 2012ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, கணினி என்று 16,549 பேரை வேலைக்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூணு அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அதில் நானும் ஒருத்தன். சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, 'பகுதிநேரம்' மட்டும் போகவில்லை. கலைக் கல்விக்கு அரசாங்கம் வைத்திருக்கிற மதிப்பு அந்த அரைநாளில் தெரியும். இதற்கிடையில் 2020 கல்விக் கொள்கை ஆறாவதிலிருந்தே தொழிற்கல்வி என்கிறது. பையில்லாத 10 நாள் தச்சரிடமும் குயவரிடமும் போகச் சொல்கிறது. 2023ல் வந்த விஸ்வகர்மா திட்டத்தைக் குடும்பத் தொழிலோடு கட்டுகிறது என்று 2024ல் தமிழ்நாடு மறுத்தது. பழைய கள்தான், பானை புதுசு.

என் வகுப்பில் முதல் பாடம் பூ இல்லை, கல். பூண்டி அருங்காட்சியகத்தில் அதிரம்பாக்கத்துக் கைக்கோடாரிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். 1863ல் புரூஸ் பூட் நம்ம திருவள்ளூர் மண்ணில் அதிரம்பாக்கத்தைக் கண்டார். 2011ல் சாந்தி பப்பு குழுவினர் அங்குள்ள கருவிகள் 15 லட்சம் வருசம் பழையவை என்று வெளியிட்டார்கள். செய்தவர்கள் இன்றைய மனித இனம்கூட இல்லை. இரண்டு பக்கமும் ஒத்து வரும்படி செதுக்கியிருக்கிறார்கள். கை பிடிக்கிற இடம் மொத்தம், வெட்டுகிற இடம் கூர். "இத செஞ்சவங்க இன்னா ஆளுங்க சார்?" என்று ஒரு பையன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

அடுத்தது கைலி. பழவேற்காட்டுத் துணி கப்பலேறிப் போனதால் மலாய்க்காரர்கள் இன்றும் கட்டங்போட்ட கைலியை 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அவங்கவங்க வீட்டுக் கைலியில் ஒரு கட்டத்துக்கு எத்தனை இழை என்று எண்ணச் சொன்னேன். அப்புறம்தான் நைனாவின் காகிதம். முழுக்கோடு என்றால் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு. விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் மறைந்திருக்கும் விளிம்பு. நீளமும் குட்டையும் மாறிமாறி வந்தால் அது நடுக்கோடு. நாலே பீரியட் ஆனது. சோப்புப் பெட்டியை மூணு பக்கமும் வரைந்துவிட்டார்கள். பாதிப் பேருடைய அப்பா, அம்மா, அண்ணன் தொழிற்பேட்டையில்தான் வேலை செய்கிறார்கள்.

போன வருசம் பிள்ளைகள் பள்ளித் தண்ணித் தொட்டியை அளந்தார்கள். குழாய் ஆறாவது பிள்ளைக்கு எட்டவில்லை. பெரிய பசங்க வந்து திறந்துவிட்டால்தான் தண்ணி. யார் உயரத்துக்கு இதை வைத்தார்கள் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். இரண்டு உயரத்தில் குழாய், கீழே படி, தண்ணி ஓட வாட்டம், எல்லாம் அளவோடு மேலிருந்தும் முன்னாலிருந்தும் வரைந்து, ஊராட்சிக்கு மனு எழுதி, 31 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் வாங்கினவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "இத எந்த இன்ஜினியர் போட்டாரு?" என்று கேட்டாராம். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நகல் ஒன்றை நைனாவிடம் காட்டினேன். கண் புரை விழுந்திருக்கிறது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டுப் போட்ட கோட்டில் விரலை வைத்து, "இது அடியில போற பைப்பா?" என்றார்.