வெயிலேறினால் கீழே இறங்கும் மீன் தீவன உயிரிகள்

உச்சி வெயிலில் குளத்து மேல்தண்ணீரை மொண்டு வடிகட்டிப் பார்த்துவிட்டு, 'பிளாங்டனே இல்லை' என்று அன்றே நாலு கூடை சாணம் கூடுதலாகக் கொட்டும் மீன் வளர்ப்போர் உண்டு. அவசரப்படாதீர்கள். அவை அழிந்துவிடவில்லை, கீழே இறங்கியிருக்கும்.

கட்லா விரும்பித் தின்னும் டாப்னியா, சைக்ளாப்ஸ் போன்ற விலங்கின நுண்ணுயிர் மிதவைகள், பொழுது சாயும்போது மேலேறி, இரவில் மேல்மட்டத்தில் உள்ள பாசியை மேய்ந்து, விடியலில் மறுபடி இறங்குகின்றன. வெளிச்சத்தில் மீன் கண்ணில் பட்டால் இரையாகிவிடும் என்பதே முக்கியக் காரணம். தண்ணீரில் மீனின் வாடை அதிகமாக இருந்தால் டாப்னியா இன்னும் ஆழத்துக்குப் போகும். ஆழமான அணைகளில் இந்த ஏற்ற இறக்கம் பல மீட்டர் இருக்கும். கலங்கல் தண்ணீரில் குறைவு. கோடையில் அணையின் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் அற்றுப்போனால், முழுவதும் இறங்க முடியாமல் பெரும்பாலானவை நடுமட்டத்திலேயே நின்றுவிடும்.

நிலவும் இதில் விளையாடுகிறது. மொசாம்பிக் நாட்டின் கஹோரா பாசா அணையில் ஆய்வாளர்கள் கண்டது இது: பௌர்ணமி கழிந்த நாட்களில் இருட்டிய பிறகே நிலா எழும். இருட்டை நம்பி மேலே வந்த மிதவைகள் திடீர் வெளிச்சத்தில் சிக்க, அங்குள்ள சிறு மத்தி மீன்கள் அவற்றைத் தின்று தீர்த்துவிடுகின்றன.

உங்கள் குளத்துக்கு வருவோம். ஐந்தாறு அடித் தண்ணீரில் இறங்க அதிக இடமில்லை என்றாலும், மேல்தண்ணீரை மட்டும் மொண்டால் கணக்கு தப்பும். எப்போதும் சூரியன் மேலேறும் முன், ஒரே நேரத்தில் எடுங்கள். வாளியால் மேலிருந்து 25 லிட்டர், சிறு மோட்டார் குழாயை அடிமண்ணுக்கு ஒரு அடி மேலே நிறுத்தி 25 லிட்டர், இரண்டையும் பிளாங்டன் வலையில் வடிகட்டுங்கள். வலையில் தேங்கியதை அளவுக்குழாயில் ஊற்றி ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அடியில் படியும். 1 முதல் 2 மில்லி படிந்தால் போதுமான அளவு உள்ளது. அந்த வாரம் சாணம் வேண்டாம்.

தேவையில்லாமல் கொட்டிய சாணம் அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் உரமிடுவதை உடனே நிறுத்திப் புதுத்தண்ணீர் பாய்ச்சுங்கள்.