நன்னீர்த் தொட்டி மீன்களின் நோய்: கண்டறிதலும் சிகிச்சையும்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளரும் கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் முதலான நன்னீர் மீன்களுக்கு நோய் மூன்று வழிகளில் வருகிறது: தண்ணீர் கெட்டுப்போவதால், ஒட்டுண்ணிகளால், பாக்டீரியா, பூஞ்சை போன்ற கிருமிகளால். இவற்றில் முதலாவதே மிகுதி; மற்ற இரண்டும் தொற்றுவதற்கு வழிவிடுவதும் பெரும்பாலும் அதுதான். ஆகவே மீன் சோர்ந்து கிடந்தால் முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரை. கடையில் கொடுத்த நீல மருந்தைப் பார்த்த மாத்திரத்தில் தொட்டியில் ஊற்றிவிடும் வழக்கத்தால், தண்ணீரை மாற்றியிருந்தாலே பிழைத்திருக்கக்கூடிய மீன்கள் பல செத்துப்போகின்றன.

நோயை அறிதல்

உடல்நலமுள்ள மீன் துடுப்புகளை விரித்து நீந்தும். தீனி போட்டதும் மேலே வரும். துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வது, தீனியை வாயில் எடுத்துத் துப்புவது, மூலையில் ஒதுங்குவது, கல்லிலும் மணலிலும் உடலைத் தேய்ப்பது, செவுள் மூடி வேகமாக அடித்துக்கொள்வது ஆகியவை நோயின் முதல் அறிகுறிகள். தோலில் ஏதேனும் தெரிவதற்குச் சில நாள் முன்பே இவை தொடங்கிவிடும். கூர்ந்து பார்க்கத் தீனி போடும் நேரமே வசதியானது.

நோய் ஒரு மீனுக்கா, எல்லா மீனுக்குமா என்பதே அடுத்து கேட்க வேண்டிய கேள்வி. எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் குற்றம் தண்ணீரில் இருக்கிறது: ஆக்சிஜன் குறைந்திருக்கும், அல்லது அம்மோனியா, நைட்ரைட், குளோரின் ஆகியவற்றில் ஒன்று ஏறியிருக்கும். இரவில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்ற தொட்டிகளில் விடியற்காலையில் இந்தக் காட்சியைக் காணலாம். ஒரு மீன் மட்டும் ஒதுங்கியிருக்க மற்றவை இயல்பாக இருந்தால் அந்த மீனின் உடலில் தேட வேண்டும்.

தண்ணீர்

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வாங்கிய முதல் மாதத்திலேயே மீன்கள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு இதுவே முக்கியக் காரணம். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசினாலும் குளோரின் பட்டு அந்த பாக்டீரியாக்கள் அழிந்து பழைய தொட்டி மறுபடி புதுத் தொட்டியாகிவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவது சரி.

அம்மோனியாவின் நச்சு பிஎச் அளவைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டுகிறது. சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பையில் மீன் வாங்கிச் செல்வோர் இதை அறிந்திருக்க வேண்டும். மீன் வெளிவிடும் கரியமில வாயு பையின் பிஎச்சைக் குறைத்து வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேற, பிஎச் ஏறி, வழியில் சேர்ந்த அம்மோனியா நச்சாக மாறத் தொடங்கும். எனவே பையைக் கட்டவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுவது நல்லது. பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

சொட்டு மருந்து வகைச் சோதனைக் கிட் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீரை மாற்றி, தீனியை ஓரிரு நாள் நிறுத்தி, காற்றோட்டத்தைக் கூட்டுவதே சிகிச்சை. புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் சொட்டு கலந்திருக்க வேண்டும். வெப்பமும் ஒத்திருக்க வேண்டும். நைட்ரைட் இரத்தத்தில் ஏறினால் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் போய்ச் செவுள் பழுப்பாகும். அப்போது சிறிது உப்பு உயிர்காக்கும், ஏனெனில் உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் புகவிடாமல் தடுக்கிறது.

வெண்புள்ளி நோய்

வீட்டுத் தொட்டிகளில் மிகப் பரவலான தொற்று இது. காரணம் இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி. பிரெஞ்சுக்காரரான ஃபூக்கே 1876ல் இதை விவரித்தார். துடுப்பிலும் உடலிலும் உப்புத் துகள் அளவில் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் தரையில் உரசும். செவுளில் மட்டும் பற்றினால் புள்ளியே தெரியாமல் மூச்சுத் திணறல் மட்டும் இருக்கும்.

இனப்பெருக்கப் பருவத்து ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் முள்ளிலும் வரிசையாக வெள்ளைக் குருக்கள் எழும்பும். அது நோயன்று. புள்ளிகள் அந்த இரண்டு இடங்களில் மட்டும் இருந்து, மீன் சுறுசுறுப்பாகத் தின்றால் மருந்து தேவையில்லை.

ஒட்டுண்ணியின் வாழ்க்கையை அறியாமல் இதற்கு வைத்தியம் செய்ய முடியாது. வெள்ளைப் புள்ளியாக நாம் காணும் பருவம் மீனின் மேல்தோலுக்கு அடியில் புதைந்திருப்பதால் எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து, மணலிலோ செடியிலோ ஒட்டி, உறை கட்டி, உள்ளே பிளந்து பெருகுகிறது. ஓர் உறையிலிருந்து நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரம் வரை, குஞ்சுகள் நீந்தி வெளிவரும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை மடிந்துவிடும். மருந்துக்குச் சாவது இந்த நீந்தும் பருவம் மட்டுமே.

25 டிகிரி அளவில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் நீளும். மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவோர், அடுத்த வாரம் முன்னைவிடப் பல மடங்கு புள்ளிகளைக் காண்கிறார்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது நான்கைந்து நாள் சிகிச்சை தொடர வேண்டும். ஒரு மீனில் புள்ளி கண்டாலும் தொட்டி முழுவதும் தொற்றிவிட்டதாகவே கொள்ள வேண்டும். அந்த மீனை மட்டும் தனியே எடுத்துப் பயனில்லை.

ஹீட்டரால் வெப்பத்தைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் உயர்த்தி 30 டிகிரியில் பத்து நாள் வைத்தால் ஒட்டுண்ணியின் பெரும்பாலான வகைகள் பெருக முடியாமல் போகின்றன. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. இதனோடு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பு சேர்ப்பது எளிய, மலிவான முறை. மருந்துக்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். உப்பை மொத்தமாகக் கொட்டாமல் தண்ணீரில் கரைத்து ஒன்றிரண்டு நாளில் பகுதி பகுதியாகச் சேர்க்க வேண்டும். உப்பு ஆவியாகாது; ஆகவே வற்றிய அளவுக்குச் சாதாரண நீரையே ஊற்ற வேண்டும். கோரிடோரஸ், லோச் போன்ற அடிமட்ட மீன்களும் பெரும்பாலான செடிகளும் உப்பைத் தாங்குவது குறைவு.

மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்துகள் வலுவானவை. மாலகைட் கிரீனை உணவு மீன் வளர்ப்பில் பல நாடுகள் தடை செய்துள்ளன. கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஃபார்மலின் புட்டியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது மீனுக்குக் கொடிய நஞ்சு, கொட்டிவிட வேண்டும்.

பூஞ்சையா, பாக்டீரியாவா?

வீட்டு வைத்தியத்தில் அதிகம் தவறு நேரும் இடம் இது. காயத்தின் மீது பஞ்சு இழைகளாக நீண்டு நிற்பது சாப்ரோலெக்னியா வகைப் பூஞ்சை. அடிபட்ட இடத்தில்தான் அது பற்றும், மெதுவாகப் பரவும், உப்புக்கும் மெத்திலீன் ப்ளூவுக்கும் பெரும்பாலும் அடங்கும். வாயோரத்தில் வெள்ளை விளிம்பு, முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் வைத்த இடம்போல் வெளிறிய திட்டு, தட்டையான சாம்பல் படலம் என்று தெரிந்தால் அது காலம்னாரிஸ். 1922ல் அமெரிக்காவில் டேவிஸ் விவரித்த இந்த நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. கடும் வகை ஓரிரு நாளில் மீனைக் கொன்றுவிடும். வெப்பம் கூடினால் இது வேகம் கொள்ளும். வெண்புள்ளி என்று எண்ணி 30 டிகிரிக்குச் சூடேற்றினால் மீனைச் சாவின் பக்கம் தள்ளியதாகிவிடும். புள்ளியா, திட்டா என்று டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்து முடிவு செய்த பின்னரே ஹீட்டரைத் தொட வேண்டும்.

பிற நோய்கள்

துடுப்பு ஓரம் கந்தலாகி வெளுப்பது துடுப்பு அழுகல். தொடக்கத்தில் அடிக்கடி தண்ணீர் மாற்றினாலே ஆறும். உடலில் பொன் தூள் படிந்தது போன்ற மினுமினுப்பு வெல்வெட் நோயைக் காட்டும். கோல்டு ஃபிஷ்ஷின் உடலில் நூல் போலத் தொங்குவது நங்கூரப் புழு. வட்டமாக ஒட்டி நகர்வது மீன் பேன். கப்பியின் கழிவுத் துளையில் சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது காமலானஸ் குடற்புழு; அதற்கு லெவமிசோல் மருந்து கேட்கும். வயிறு ஊதி, செதில்கள் வெளிப்பக்கம் நிமிர்ந்து நிற்பது சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம். இந்த நிலையில் மீளும் மீன் மிகச் சில.

மருந்திடும் முறை

அளவுதான் மருந்தை நஞ்சிலிருந்து பிரிக்கிறது. இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் கொண்ட தொட்டி 2 கன அடி; ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் கணக்கில் 56 லிட்டருக்கு மேல் வரும். மணல், கல், மேலே விட்ட இடைவெளி போக உண்மையில் 45 லிட்டர் அளவே தேறும். முதல் கணக்கில் மருந்து போட்டால் கால் பங்கு கூடிவிடும்.

பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். மெத்திலீன் ப்ளூ நல்ல பாக்டீரியாக்களையும் செடிகளையும் கெடுத்து சிலிக்கானைக் கறையாக்கும். தனி டப்பில் மட்டும் பயன்படுத்தத் தக்கது. டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பொடித்துப் போடுவோர் பலர். போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதும் மிகக் குறைவு. உள்நோய்க்கு மருந்தைத் தீனியில் சேர்த்தாலே உள்ளே போகும். ஆன்டிபயாடிக்கைக் கால்நடை மருத்துவர் அல்லது மீன்வளக் கல்லூரி வல்லுநர் சொல்லாமல் தொடாதிருப்பதே முறை.

புதிதாக வாங்கும் எந்த மீனையும் ஸ்பாஞ்ச் பில்டர் போட்ட தனி டப்பில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, நோயில்லை என்று கண்ட பிறகே பெரிய தொட்டியில் விட வேண்டும். அந்த டப்பின் வலையும் குழாயும் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது.

தொட்டி நீரில் இருக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் மனிதருக்கும் தொற்றும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். விரலிலோ முழங்கையிலோ வாரக்கணக்கில் ஆறாத கட்டி எழுந்தால், வீட்டில் மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.