எகிப்தின் தேவர்களும் நல்லூரின் கற்களும்

சில வருடங்களுக்கு முன்னர் ஸ்காபரோவில் ஒரு மரணவீட்டுக்குப் போயிருந்தோம். இறந்தவர் வன்னியிலிருந்து வந்த ஒரு தாய். 2009 மே மாதத்தில் தொலைந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்காமலே கண்ணை மூடியவர். பிரார்த்தனை முடிந்ததும் ஒருவர் எழுந்து பேசினார். அவர் யார், எந்தச் சபை என்பது இங்கே தேவையில்லை. எகிப்தின் பத்து வாதைகளைப் பற்றிப் பேசினார். மெய்யான கடவுள் பொய்த் தேவர்களை ஒவ்வொன்றாக முறியடித்த கதை அது என்றார். அந்த மட்டில் நின்றிருந்தால் நாமும் தலையாட்டிவிட்டு வந்திருப்போம். எமது சனம் பட்ட பாடும் விக்கிரகங்களைக் கும்பிட்டதனால் வந்த வாதைதான் என்று அவர் தொடர்ந்தார். அந்தத் தாய் அங்கே பெட்டியில் கிடந்தார்.

வெளியே குளிரில் நின்றபோது எம்மோடு வந்த பெரியப்பா கேட்டார்: “அப்ப நல்லூரை இடிச்ச பறங்கியைப் பிறகு ஒல்லாந்தன் வந்து கலைச்சானே, அது ஆற்றை வாதை?” சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரித்து முடிகிற கேள்வியல்ல.

கதையை முதலில் பார்ப்போம். யாத்திராகமத்தில் நைல் நதி இரத்தமாகிறது, தவளை வருகிறது, பேன் வருகிறது. மாடுகள் சாகின்றன, கல்மழை பெய்கிறது, வெட்டுக்கிளி வருகிறது, மூன்று நாள் நாடு இருளில் கிடக்கிறது. கடைசியாகத் தலைப்பிள்ளைகள் சாகிறார்கள். ஒவ்வொரு வாதைக்கும் ஒவ்வொரு எகிப்தியத் தெய்வத்தைப் பொருத்திக் காட்டுவது இன்று பிரசங்கங்களில் வழக்கம்: நைலுக்கு ஹாப்பி, தவளைக்கு ஹெக்கெத், மாட்டுக்கு ஹாத்தோர், இருளுக்கு சூரியனாகிய ரா. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர்களில் ஒன்றும் யாத்திராகமத்தில் இல்லை. எகிப்தின் தேவர்கள் எல்லார்மேலும் நியாயத்தீர்ப்பு வரும் என்ற கருத்து மட்டும் கடைசி வாதைக்கு முன்னர் ஓரிடத்தில் வருகிறது. பெயர்ப் பட்டியல் பின்வந்த வியாக்கியானகாரருடையது. பேனுக்குரிய தெய்வத்தைத் தேடி அவர்கள் படுகிற சிரமம் தனி.

எகிப்தின் கல்வெட்டுகளில் இந்த வாதைகளுக்குச் சான்று கிடையாது. இஸ்ரவேல் என்ற பெயரைச் சொல்லும் எகிப்தியக் கல்வெட்டு ஒன்று உண்டு. மெர்னெப்தா என்ற பாரவோனுடையது, கி.மு. 1208 அளவினது. 1896 இல் பிளிண்டர்ஸ் பீற்றி கண்டெடுத்தார். அது இஸ்ரவேலை அழித்துவிட்டதாகப் பெருமை பேசுகிறது. வென்றவர்கள் கல்லில் எழுதுவதை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சரித்திரமோ இல்லையோ, கதையாகப் பார்த்தாலும் அதற்குள் சில விஷயங்கள் இருக்கின்றன. பாரவோனின் மந்திரவாதிகள் முதலிரண்டு வாதைகளையும் தாமும் செய்துகாட்டுகிறார்கள். நாடெங்கும் தவளை நிறைந்து கிடக்கையில் இவர்கள் இன்னும் கொஞ்சத் தவளையை வரவழைக்கிறார்கள்! உள்ளதைப் போக்க ஒருவராலும் முடியவில்லை. எமது அரசியல்வாதிகளை நினைத்துக்கொண்டோம். இதைவிட முக்கியமானது, வாதைகளின்போது இஸ்ரவேலர் ஒரு கோயிலையும் இடிக்கவில்லை, ஒரு சிலையையும் உடைக்கவில்லை. அவர்கள் செங்கல் அறுக்கிற அடிமைகள். கையில் ஆயுதம் இல்லை. அடிமைகளின் பக்கம் நிற்கிற கடவுளின் கதை அது. இன்னொன்றும் உண்டு. கடைசி வாதையில் பாரவோனின் பிள்ளை மட்டும் சாகவில்லை. ஏந்திரம் அரைக்கிற வேலைக்காரியின் பிள்ளையும், சிறைக்கிடங்கில் கிடந்தவனின் பிள்ளையும் சாகிறார்கள். அந்த வேலைக்காரி செய்த குற்றம் என்ன என்று கதை சொல்லவில்லை. மரணவீட்டில் பேசியவரும் சொல்லவில்லை.

இந்தக் கதையை அரசுகள் கையில் எடுத்தபோது நடந்ததைப் பார்க்க நாம் எகிப்துக்குப் போகவேண்டியதில்லை. 1540களில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வேலை செய்த பிரான்சிஸ் சவேரியார், சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு போய் விக்கிரகங்களை நொறுக்கச் செய்ததைத் தம் கடிதங்களில் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அந்தச் சிறுவர்கள் தம் தாய் தகப்பனின் தெய்வங்களைத்தான் நொறுக்கினார்கள். 1544 இல் அவர் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்ச் சனத்தை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான். அதையும் நாம் மறைக்கக்கூடாது. எமது சரித்திரத்தில் பாரவோன்கள் எல்லாரும் கப்பலில் வந்தவர்களல்ல.

1560 இல் கோவாவின் போர்த்துக்கேயத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தான். நல்லூரில் கொள்ளையிட்ட பொருட்களில் ஒரு பல்லும் இருந்தது. புத்தரின் தந்தம் என்றார்கள். குரங்கின் பல் என்று சொன்னவர்களும் உண்டு. பேகு நாட்டு அரசன் அதை மீட்பதற்குப் பெருந்தொகை தர முன்வந்தான். கஜானா காலியாக இருந்ததனால் தேசாதிபதிக்குச் சபலம். அதிமேற்றிராணியார் விடவில்லை. 1561 இல் கோவாவில் எல்லாரும் பார்க்க அந்தப் பல்லை உரலில் இட்டு இடித்து, நெருப்பில் எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். பொய்த் தெய்வத்தின் கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். சில வருடங்களில் கோட்டையிலிருந்து ஒரு தந்தம் பேகுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவன் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றுத் தொன் ஜுவான் ஆகியிருந்த தர்மபாலன்! அசல் தந்தம் தன்னிடமே இருக்கிறது என்றது கண்டி. உரலில் இடித்தது ஒன்று, முளைத்தது இரண்டு.

1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் விழுந்தது. கடைசிச் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621 இல் பிலிப் டி ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அத்திவாரத்தோடு இடித்தான். அதே பத்தாண்டில் திருக்கோணேஸ்வரம் விழுந்தது. அதன் கற்கள் திருகோணமலைக் கோட்டைக்குப் போயின. சனம் தெய்வங்களைக் கிணறுகளிலும் குளங்களிலும் ஒளித்ததாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது வெறும் பாட்டி கதையல்ல. 1950 இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது புதைந்து கிடந்த வெண்கல விக்கிரகங்கள் வெளியே வந்தன. முந்நூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்து வந்த அகதிகள்! தெய்வத்தோடு சேர்ந்து ஆட்களும் ஓடினார்கள். தன் முறைக்குப் பறங்கிக்கு உணவுக்காகப் பசுக் கொடுக்க மனமில்லாமல் ஓர் இரவில் ஊரைவிட்டுப் போன திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சிதம்பரத்தில் அவர் பெயரில் இன்றும் ஒரு குளம் இருக்கிறது.

இனி பெரியப்பாவின் கேள்வி. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் புரட்டஸ்தாந்தர். அவர்களுடைய கண்ணில் கந்தசுவாமியும் விக்கிரகம், மாதா சொரூபமும் விக்கிரகம். நல்லூரை இடித்தவர்களின் சமயம் இப்போது பொய்ச் சமயமாயிற்று. கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று சட்டம் வந்தது. 1670 அளவில் மாந்தையிலிருந்த கத்தோலிக்கர் தங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிய கத்தோலிக்கரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த இடந்தான் மடு. 1687 இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் ஒளித்திருந்து பூசை வைத்தவர் யோசேவாஸ் அடிகள். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக்கிவிட்டு அன்றே மடுவுக்கும் போனார்.

நல்லூரில் இப்போதிருக்கிற கோயில் 1734 அளவில் எழுந்தது. கட்டியவர் ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக இருந்த இரகுநாத மாப்பாண முதலியார். உத்தியோகப் பதிவில் அவர் பெயர் தொன் ஜுவான். உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானப் பெயர் வேண்டும் என்றிருந்த காலம். பகலில் தொன் ஜுவான், மனதில் கந்தசுவாமி. எமக்கு இந்த மனிதரில் ஒரு தனிப் பிரியம். இங்கே வேலைத்தலத்தில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வாழ்கிற எங்களுக்கு அவர் அந்நியரல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டை அச்சுக்கு வந்தது. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர். மிஷனரிமாரிற் பலரைவிட அந்தப் புத்தகத்தை நன்றாகப் படித்தவர். 1854 இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தில், நீங்கள் பழிக்கிற விளக்கும் தூபமும் நைவேத்தியமும் தீட்டும் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கின்றனவே என்று திருப்பிக் கேட்டார். பதில் சொல்வது இலகுவாக இருக்கவில்லை.

ஆனால் பொய்த் தெய்வம் என்று விரலை நீட்டும் வேலையை நாவலரும் செய்தார். கண்ணகி வழிபாடு அவருக்குச் சமணச் செட்டிச்சி வழிபாடு. யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராசராசேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. அண்ணமாரும் பல ஊர்களில் பிள்ளையாராகிவிட்டார். இடிக்காமலே ஒரு தெய்வத்தை இல்லாமற் செய்கிற முறை இது. பறங்கிக்குத் தெரியாத முறை! அப்படித் திருத்திய கோயில்களின் வாசலில் எத்தனை சனத்தை மறித்து வைத்திருந்தோம் என்பதற்கு 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்ததே சாட்சி. உள்ளே போகக் கேட்டவர்களை அடித்தவர்கள் ஒல்லாந்தரல்லர்.

இங்கே, நாம் வந்து குடியேறிய மண்ணிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே, ஜோர்ஜியன் குடாவின் கரையில் வென்டாட் சனம் வாழ்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஹியூரன் என்று அழைத்தது அவர்களைத்தான். நல்லூர் விழுந்து பதினைந்து வருடத்துக்குள் யேசு சபைக் குருமார் அங்கே வந்தார்கள். கூடவே நோயும் வந்தது. 1634 க்கும் 1640 க்கும் இடையில் அம்மையும் மற்ற நோய்களும் அந்தச் சனத்தில் பாதியை, பாதிக்கும் மேல் என்றும் சொல்வார்கள், கொண்டுபோயின. குருமாருக்கு நோய் வந்தாலும் பெரும்பாலும் தப்பினார்கள். ஐரோப்பாவில் சிறுவயதிலேயே அந்த நோய்களோடு பழகிய உடம்பு. இதெல்லாம் அன்று ஒருவருக்கும் தெரியாது. சாகிற குழந்தைகளுக்கு இவர்கள் ஞானஸ்நானத் தண்ணீர் தெளித்தார்கள். அந்தத் தண்ணீர்தான் கொல்லுகிறது என்று சனம் நினைத்தது. கோசேன் நாட்டார் தப்ப எகிப்தியர் செத்த கதை போலவே வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் செத்தவர்கள் அந்தக் குருமாரை அடிமை கொண்டவர்களல்ல. 1649 இல் எதிரிப் படையெடுப்பில் அந்த நாடு சிதறியது. பிறெபெஃப் அடிகளும் அதில் கொல்லப்பட்டார். மிஞ்சிய சனம் ஒரு தீவில் பட்டினியோடு ஒரு மாரியைக் கழித்துவிட்டுத் திசைக்கொன்றாகப் போனார்கள். சில நூறு பேர் கியூபெக்கில் போய்க் குடியிருந்தார்கள்.

ஸ்காபரோவில் லோறன்ஸ் வீதியும் பெலமி வீதியும் இருக்கிற பக்கத்தில் ரேபர் ஹில் என்றொரு மேடு இருக்கிறது. 1956 இல் மண் வெட்டும்போதுதான் அது புதைமேடு என்று தெரிந்தது. வென்டாட்டின் முன்னோர் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகளைச் சேர்த்து வைத்த இடம். எமது சனம் கடைக்குப் போகிற வழியில் அதைக் கடந்து போகிறது.

பிறெபெஃப் அடிகளுக்கும் உடன் இறந்தவர்களுக்குமான திருத்தலம் மிட்லண்டில் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் தமிழர்கள் பஸ் பிடித்துப் போகிறார்கள். மடுத் திருவிழாவை நினைத்துப் போகிறவர்களே அதிகம். வேதக்காரர் மட்டுமல்ல, சைவர்களும் போகிறார்கள். மடுவுக்கும் அப்படித்தானே போனோம். அந்த மடுவில் 1999 நவம்பரில் கோயிலுக்குள் தஞ்சமிருந்த அகதிகள்மேல் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் மாதாவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் மாதா திரும்பினார். கூட இடம்பெயர்ந்த சனத்தில் பலர் திரும்பவில்லை. கிழக்கே, முள்ளிவாய்க்கால்வரை போனார்கள். அந்தத் தாயும் அவருடைய பிள்ளைகளும் அந்தச் சனத்துக்குள்தான் இருந்தார்கள்.

கடைசியாக நாம் மிட்லண்டுக்குப் போனபோது எம்மோடு வந்த ஒரு அம்மம்மா, நெற்றியில் திருநீற்றோடு, மரத்தடியில் குனிந்து கொஞ்சம் மண்ணை ரிசுப் பேப்பரில் மடித்துக்கொண்டிருந்தார். மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது ஊர் நம்பிக்கை. பேத்தி சொன்னாள், “அம்மம்மா, இது மடுவில்லை, கனடாவில பாம்பும் இல்லை.” ஜோர்ஜியன் குடாக் கரையில் விஷப்பாம்பு ஒன்று உண்டு என்பது எமக்குத் தெரியும். நாம் வாய் திறக்கவில்லை. அவர் மண்ணைக் கைப்பைக்குள் வைத்து, பஸ் ஏறும்போது ஒருதரம் திறந்து பார்த்துக்கொண்டார்.