மூலைவிட்டமும் அடிமைச் சிறுவனும்

எண்களுக்கும் சமுதாயத்துக்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கட்கு இரண்டின் வர்க்கமூலத்தின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம்.

பக்கம் ஒன்றாகவுள்ள சதுரத்தின் மூலைவிட்டமே இரண்டின் வர்க்கமூலம். ஏறத்தாழ 3700 ஆண்டுகளுக்கு முன் பபிலோனியக் களிமண் பலகையொன்றிற் பொறிக்கப்பட்ட அதன் பெறுமானம், ஐந்து தசமதானங்கள் வரை பிழையற்றது. அப்பலகை மாணவனொருவனின் கைவேலை என அறிஞர் கருதுகின்றனர். காணி அளப்போர்க்கும் சுவர் எழுப்புவோர்க்கும் அத்துணை நுட்பமே மிகையாகும்.

கிரேக்கத்திலோ வேறொரு வினா எழுந்தது. உலகம் யாவும் முழுவெண்களின் விகிதத்தால் அமைந்தது என்று பைதகரஸ் குழுவினர் நம்பினர். அந்நம்பிக்கையை மூலைவிட்டம் தகர்த்தது. இவ்வர்க்கமூலத்தை மேலும் சுருக்கமுடியாத ஒரு பின்னமாக எழுதலாம் என்று கொள்வோம். தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தின் இருமடங்காதல் வேண்டும்; ஆகவே தொகுதி இரட்டை எண். இரட்டை எண்ணின் வர்க்கம் நான்கால் வகுபடும். ஆகவே பகுதியின் வர்க்கமும் இரட்டை, பகுதியும் இரட்டை. இரண்டும் இரட்டையெனிற் பின்னம் இன்னும் சுருங்குமன்றோ? கொண்டதற்கு இது முரண். எனவே அது விகிதமுறா எண்.

இவ்வுண்மையை வெளியிட்டவர் கடலில் மாண்டார் என்றொரு கதை பிற்காலத்தில் வழங்கியது. கதை வரலாறாகாது, ஆயினும் அறிவைக் குழுவின் தனியுடைமையாகக் கொண்டோரின் மனப்பாங்கை அது காட்டுகின்றது.

இதற்கு மாறான காட்சியொன்றைப் பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலிற் காண்கின்றோம். ஈரடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பை இருமடங்காக்கும்படி சோக்கிரதர் ஓர் அடிமைச் சிறுவனைக் கேட்கிறார். நான்கடி என்கிறான், பின் மூன்றடி என்கிறான், இரண்டும் பொருந்தவில்லை. இறுதியில், வேண்டிய பக்கம் மூலைவிட்டமே என்பதைத் தன் கண்ணாற் கண்டு ஒப்புக்கொள்கிறான். ஆன்மா முன்னறிந்ததை நினைவுகூர்வதற்கு இது சான்று என்பது பிளேட்டோவின் வாதம். நாம் அதனை ஏற்கவேண்டியதில்லை. கல்வி மறுக்கப்பட்டவனும், வினவினால், விகிதமுறாக் கோட்டின் வாயிலை அடைவான் என்பதே நாம் கொள்ளும் பாடம். ஆனால் அச்சிறுவனுக்கு அந்நூலில் ஒரு பெயர்தானும் இல்லை. அவன் விடுதலை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

விகிதமுறா எண்களுக்கு உறுதியான அடித்தளம் தேடும் எண்ணம், 1858இல் சூரிச்சில் மாணவர்க்குப் பாடம் நடத்திய டெடிக்கின்டுக்குத் தோன்றியது, 1872இல் நூலாயிற்று. அதுவும் வகுப்பறை தந்த பேறே.

ஆசிரியர்களே, வாய்பாட்டை மனனஞ் செய்விப்பதோடு நம் பணி முடிவதில்லை. ஏன் என்று வினவும் உரிமையைக் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் அளிப்போமாக.